அப்பாவின் இலியோஸ்டமி பை ராத்திரியில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. மலக்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு, உள்ளே தைத்த இடம் ஆறும்வரை என்று வயிற்றின் வலது பக்கத்தில் இலியோஸ்டமி வைத்திருக்கிறார்கள், அதாவது சிறுகுடலைத் தோல் வழியாக வெளியே எடுத்துத் தைத்து, வருவதைப் பிடிக்க மேலே பை ஒட்டுவது. சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு 24 நாள், வீட்டுக்கு வந்து 15 நாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை பை ஒரு தடவைகூட ஒழுகவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நேற்று ராத்திரி 2 மணிக்கு பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து படுக்கை விரிப்பைத் தானே அலசிக்கொண்டிருந்தார். "உன்னை எழுப்ப வேண்டாமென்று பார்த்தேன்" என்றார். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

காலையில் அப்பாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து மாற்றுகிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு அட்டையில் 38 மில்லிமீட்டர் வட்டம் வெட்டிக் கொடுத்தார். அந்த அட்டையை வைத்துத்தான் இன்றும் பேஸ் பிளேட்டை, அதாவது தோலில் ஒட்டிப் பையைத் தாங்கும் தட்டை, வெட்டுகிறேன். ஸ்டோமாவை (வெளியே தெரியும் குடல் வாயை)ச் சுற்றித் தோல் சிவந்து எரிகிறது என்பதால் முதலில் சரும வறட்சிக்குப் போடும் கிரீம் தடவுகிறேன். அதன்மேல் ஸ்டோமா பவுடரை நன்றாகத் தூவுகிறேன். அப்புறம் தட்டின் ஓட்டையைச் சுற்றி பேஸ்ட்டைக் கனமாக வைத்து ஒட்டுகிறேன். ஓரத்தில் ஈரம் தெரிந்தால் மேலே பிளாஸ்திரி போட்டுக் காலைவரை சமாளிக்கிறோம். ஒரு தட்டு இரண்டு நாள் தாங்கினால் பெரிய விஷயம். போன செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் மூன்று தட்டு மாற்றினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பை சீக்கிரம் நிறையக் கூடாது என்று அப்பா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சாயங்காலத்துக்கு மேல் ஒரு டம்ளர்கூடக் கிடையாது. சொன்னால் கேட்பதில்லை. அடுத்த செக்கப் 9 நாள் கழித்துத்தான். அதுவரை என்ன செய்யட்டும்?

பதில் (11 வருடமாக இலியோஸ்டமியோடு இருப்பவர்)

தங்கச்சி, நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒழுகுவதை நாளைக் காலையில் சரிசெய்யலாம். அப்பா தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இப்போதே நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டிலிருந்து தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சிக்கொள்வதில் பெருங்குடலுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பாவுக்கு இப்போது சிறுகுடலோடு பாதை வெளியே திரும்பிவிடுகிறது, பெருங்குடலுக்குப் போவதே இல்லை. அவர் குடிக்காவிட்டாலும் குடல் தன் சாறுகளைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், அது பைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் குறைவது உடம்பில் இருக்கும் நீர்தான். சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா, வாய் உலர்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஒன்று இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இலியோஸ்டமி வைத்து வீட்டுக்கு வந்தவர்கள் திரும்ப ஆஸ்பத்திரியில் சேருவதற்கு நீரிழப்பு முக்கியமான காரணம், சிறுநீரகத்தையும் அது பாதிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தாலும் சரியாகாது, உப்பும் சேர்ந்தே போகிறது. ஓ.ஆர்.எஸ். எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ ஏற்கெனவே தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அவரிடம் கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம். ஒரு அளவு ஜாடி தனியாக வைத்து, 24 மணி நேரத்தில் பையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் 9 நாள் காத்திருக்காதீர்கள்.

சரி, இப்போது ஒழுகலுக்கு வருகிறேன்.

எனக்கு ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் ஒரே வாரத்தில் 9 தட்டு போனது. கழற்றியதைப் பார்க்கவே பிடிக்காமல் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்ததை முன்னைவிட அழுத்தி ஒட்டுவேன். இன்னும் கொஞ்சம் பேஸ்ட், இன்னும் கொஞ்சம் பிளாஸ்திரி. கடைசியில் ஸ்டோமா நர்ஸ் ஒருவரிடம் போனேன். அவர் என் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால், கழற்றிய தட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டும் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் பசை கரைந்து, ஓட்டையிலிருந்து ஓரம்வரை வாய்க்கால் மாதிரி பழுப்புக் கோடு ஓடியிருந்தது. "இந்தப் பக்கமாகத்தான் தினமும் போகிறது. இங்கே ஒரு பள்ளம் இருக்கும், உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் வயிறு மடிந்தது.

அதனால் நாளைக்குக் கழற்றும் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றும் முன்பே வெளிப்பக்கத்தில், தலைப்பக்கம் பார்த்த இடத்தில் பேனாவால் 12 என்று எழுதிவிடுங்கள். கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், தலைப்பக்கம் 12, கால்பக்கம் 6. கழற்றித் திருப்பினால் இடமும் வலமும் மாறிவிடும், 3 மணி இருந்த இடம் இடதுபக்கம் போய்விடும். அதை மனதில் வைத்துக்கொண்டு எந்த மணியில் பசை கரைந்திருக்கிறது என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து தட்டிலும் ஒரே மணியில் கோடு ஓடியிருந்தால் அந்த இடத்தில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. ஓட்டையைச் சுற்றி வட்டமாக எல்லாப் பக்கமும் கரைந்திருந்தால் ஓட்டை பெரிதாக இருக்கிறது, அல்லது தட்டை அதிக நாள் விட்டுவிட்டோம். பசையில் எந்தத் தடமும் இல்லாமல் ஓரம் மட்டும் சுருண்டு வந்திருந்தால் தோலில் ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் சந்தேகம் 38 மில்லிமீட்டர் அட்டை மேல்தான். நர்ஸ் கொடுத்த அளவு அன்றைக்குச் சரி. ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கி இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரம்வரை சுருங்கிக்கொண்டே வரும். 24 நாளில் அப்பாவுடையது கட்டாயம் சிறுத்திருக்கும், நீங்கள் இன்னும் பழைய அளவில் வெட்டுகிறீர்கள். நடுவில் விடும் இடைவெளியில் தோல் மூடப்படாமல் கிடக்கிறது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நொதிகள் இருக்கின்றன. அவை சாப்பாட்டைக் கரைக்கிற மாதிரியே தோலையும் அரிக்கும். தோல் அரித்து நீர் கசிந்தால் பசை பிடிக்காது. பசை பிடிக்காவிட்டால் இன்னும் ஒழுகும், இன்னும் அரிக்கும். இந்தச் சுழலை உடைக்க வேண்டும். பழைய அட்டையை விட்டுவிட்டு, பல அளவு வட்டங்கள் இருக்கும் அளவு அட்டையை எடுத்து ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அளந்து பாருங்கள், இரண்டு மாதம்வரையாவது. ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டினால் போதும். தற்காலிகமாக வைக்கும் இலியோஸ்டமி பலருக்கு முட்டை வடிவமாக இருக்கும். அப்படியிருந்தால் வட்டமாக வெட்டவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து உருவத்தை வரைந்து அதை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தக் கிரீம். இன்றோடு நிறுத்திவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறீர்கள், ஆனால் எண்ணெய்ப்பசை இருக்கிற எதன்மேலும் தட்டு ஒட்டாது. குளிக்கிற சோப்பில் வாசனையும் எண்ணெயும் இருந்தால் அதுவும், குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈரத்தாளும் இதே வேலையைச் செய்யும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அப்புறம் ஒற்றி ஒற்றி நன்றாகக் காய வையுங்கள். துடைக்கும்போது ஸ்டோமாவில் பொட்டுப் பொட்டாக ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள், உதட்டின் உள்பக்கம் மாதிரி மெல்லிய சதை அது. அதற்கு வலி தெரியாது. அப்பா எரிகிறது என்று சொன்னால் அது தோல்தான்.

பேஸ்ட் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. எனக்கும் இருந்தது. பெயரைப் பார்த்து அதைக் கோந்து என்று நினைக்கிறோம். அது ஒட்டுவதற்கு இல்லை, இடுக்கை அடைப்பதற்கு. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பூசுகிறோமே, அந்த வேலைதான் இதற்கும். கனமாக வைத்தால் தட்டுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு நிற்கும். மெல்லிய கோடு போதும். நிறைய பேஸ்ட்டில் ஆல்கஹால் இருக்கும், புண்ணான தோலில் பட்டால் துடித்துப்போவார். அவருக்கு இப்போது பிசைந்து வளைக்கிற மாதிரி வரும் வளையம், கடையில் ஸ்டோமா ரிங் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுதான் நல்லது.

இனி மடிப்பு. அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்து ஒட்டுகிறீர்கள் இல்லையா? படுத்திருக்கும்போது எல்லார் வயிறும் சமதரைதான். எழுந்து உட்கார்ந்ததும் அதே வயிறு மடிகிறது, மடிப்பில் தட்டு தூக்கிக்கொள்கிறது. தட்டைக் கழற்றிய பிறகு அவரை நாற்காலியில் நேராக உட்காரச் சொல்லுங்கள், கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்கள், பிறகு நிற்கச் சொல்லுங்கள். ஸ்டோமாவிலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் கோடு விழுகிறது என்று பாருங்கள். தட்டில் கண்ட மணியும் இந்தக் கோடும் ஒன்றாகவே இருக்கும், பாருங்கள். அந்தப் பள்ளத்தில் வளையத்திலிருந்து சின்னத் துண்டு கிள்ளி வைத்துச் சமமாக்குங்கள். அப்புறம் நிற்க வைத்து ஒட்டுங்கள். நிற்க முடியாவிட்டால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றுத் தோலை மேல்நோக்கி லேசாக இழுத்துப் பிடிக்கட்டும்.

ஒட்டும் முன் தட்டை அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு உள்ளங்கையை மேலே வைத்து இரண்டு நிமிடம் அமைதியாக அழுத்தி இருக்கட்டும். அந்தப் பசை உடம்புச் சூட்டில் இளகித்தான் தோலின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் இறங்கும். அவசரமாக ஒட்டிவிட்டு உடனே குனிந்து வேலை பார்த்தால் பிடிமானம் கிடைக்காது. இது ஒன்றுமே இல்லாத விஷயம் மாதிரித் தெரியும். எனக்கு ஒரு நாள் தாங்கிய தட்டு மூன்று நாள் தாங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ராத்திரிக்கு: மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்கிற பழக்கம் வரட்டும், பாதிக்கு மேல் விடவே கூடாது. நிறைந்த பையின் கனம்தான் தட்டைக் கீழே இழுக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாக முடித்துவிட்டு, படுக்கும் முன் ஒரு தடவை காலி செய்துவிட்டு, 2 மணிக்கு அலாரம் வையுங்கள். இந்த மாதம் மட்டும். அப்புறம் அவருக்கே தானாக விழிப்பு வந்துவிடும்.

கடைசியாக அந்தப் பிளாஸ்திரி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓரத்தில் ஈரம் வந்துவிட்டால் உள்ளே ஏற்கெனவே தோலின் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே மூடி வைத்தால் காலைவரை அது தோலைத் தின்றுகொண்டிருக்கும். நடுராத்திரியாக இருந்தாலும் கழற்றி மாற்றுங்கள். வெளியே ஈரமே தெரியாமல், தட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ இருக்கிறது என்று அப்பா சொன்னாலும் அப்படியே செய்யுங்கள். அவர் சொல்லமாட்டார் என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. அதனால் நீங்களே கேளுங்கள்.

பதில் (ஸ்டோமா நர்ஸ்)

மேலே அவர் சொன்னது பெரும்பாலும் சரி. தோல் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், சகோதரி.

பவுடர் புண்ணாகி ஈரம் கசியும் இடத்துக்கு மட்டும்தான். நல்ல தோலில் தேவையே இல்லை. ஈரமான இடத்தில் லேசாகத் தூவி, ஒட்டிக்கொள்வது ஒட்டட்டும் என்று விட்டு, மீதியைத் தட்டிவிட வேண்டும். மேலே மாவு மாதிரி நின்றால் தட்டு அந்த மாவில்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது. பவுடர் மேல் ஆல்கஹால் இல்லாத தடுப்புப் படலம், ஸ்பிரேயாகவோ துடைப்பானாகவோ வரும், அதைப் போட்டுக் காய விடுங்கள். புண் அதிகமாக இருந்தால் பவுடர், படலம், பவுடர், படலம் என்று இரண்டு சுற்று செய்யலாம். தோல் ஆறியதும் பவுடரை நிறுத்திவிடுங்கள்.

சிவப்பு எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டி வளையமாக இருந்தால் கழிவு பட்ட எரிச்சல், அளவு சரியானால் சில நாளில் அடங்கும். சிவப்புக்கு வெளியே தனித்தனியாகச் சின்னச் சின்னப் பொரிகள் சிதறி, அரிப்பும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குச் சாதாரண ஸ்டோமா பவுடர் உதவாது, டாக்டர் எழுதித் தரும் மருந்து வேண்டும். மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் பொரி என்றால், தட்டைப் பிடுங்கும்போது முடியும் சேர்ந்து வந்து வீங்கியிருக்கிறது. முடியை டிரிம்மரால் கத்தரித்துவிடுங்கள். தட்டை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மெதுவாக உரிக்க வேண்டும். தட்டை இழுப்பதைவிடத் தோலை அதிலிருந்து தள்ளிப் பிரிக்கிறோம் என்று நினைத்துச் செய்தால் கை தானாக மெதுவாகும். பசை நீக்கும் திரவம் இருந்தால் இன்னும் சுலபம்.

ஸ்டோமா வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இலியோஸ்டமியைக் குழாய்முனை மாதிரி வெளியே நீட்டி மடித்துத் தைப்பதற்குக் காரணமே, வருவது தோலில் படாமல் பைக்குள் விழ வேண்டும் என்பதுதான். 1952-இல் பிரயன் புரூக் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்த முறையை எழுதினார். அதற்கு முன் இலியோஸ்டமி வைத்தவர்களின் தோல் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவுடையது தோல் மட்டத்துக்கே இருந்தாலோ உள்ளே இறங்கியிருந்தாலோ, நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் தட்டையான பேஸ் பிளேட் ஒழுகும். அப்போது நடுவில் குவிந்து வரும் கன்வெக்ஸ் தட்டும் பெல்ட்டும் தேவைப்படலாம். ஆனால் அதை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். புதிதாகத் தைத்த இடத்தில் அது அழுத்தும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெல்ட் போடச் சொன்னால், அதற்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சற்று மாற்றுக் கருத்து. வளையம், துண்டு, படலம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். நாளைக்கு அளவைச் சரிசெய்து, கிரீமை நிறுத்தி, காய வைத்து ஒட்டுங்கள். மடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் துண்டு வையுங்கள். எதனால் சரியானது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை ஒழுகும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலோ, சில மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தாலோ, அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, சகோதரி, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலமே டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். ஓ.ஆர்.எஸ். அளவு சொன்னார். அப்பாவுக்குத் தலைசுற்றல் இரண்டு நாளாக இருந்திருக்கிறது, கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார். இன்று காலைவரை 24 மணி நேரக் கணக்கு 1,100 மில்லி.

காலையில் 12 எழுதிக் கழற்றினேன். அண்ணா சொன்ன அந்த வாய்க்கால் அப்படியே இருந்தது, தொப்புள் பக்கம், 3 மணியில். உட்காரச் சொன்னால் அதே இடத்தில் தொப்புளிலிருந்து ஸ்டோமாவரை ஒரு மடிப்பு. 15 நாளாக அதைப் பார்க்கவே இல்லை நாங்கள். அளந்து பார்த்தால் அகலத்தில் 31, உயரத்தில் 27 மில்லிமீட்டர். 38-இல் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டோமா வெளியே ஒரு விரல் நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சிவப்பும் ஒட்டிய வளையமாகத்தான் இருக்கிறது, தனிப் பொரிகள் இல்லை.

ஒரு கஷ்டம். தோலைக் காய வைத்துத் தட்டை எடுக்கும் நேரத்தில் சரியாக ஸ்டோமாவிலிருந்து வந்துவிடுகிறது. இன்று நான்கு தடவை முதலிலிருந்து துடைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு "மன்னிச்சுடும்மா" என்கிறார். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

பதில் (கணவருக்குக் கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலில் வைத்த ஸ்டோமா, 4 வருடம்)

நான் சுத்தமான துணிச்சுருளை விரல் அளவுக்கு உருட்டி ஏழெட்டு தயாராக வைத்துக்கொள்வேன். ஒன்றை ஸ்டோமாவின் வாயில் லேசாகத் தொட்டபடி அவரே பிடித்துக்கொள்வார். உள்ளே அழுத்தக் கூடாது, வெளியே வைத்து உறிஞ்சவிட வேண்டும். நான் சுற்றிலும் காய வைப்பேன். ஒட்டும் நொடியில் எடுத்துவிடுவார். அவர் கைக்கும் ஒரு வேலை இருப்பது அவருக்கு நல்லது, மா. சும்மா படுத்துக்கொண்டு இன்னொருவர் துடைப்பதைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு மிகவும் கஷ்டம்.

எங்கள் ஒழுகல் வேறு மாதிரி. கொலாஸ்டமியில் மலம் கெட்டியாக வருவதால் பைக்குள் இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே அப்பி, தட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போகும். பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு உள்ளே காற்றே இல்லாததுதான் காரணம். ஒட்டும் முன் பைக்குள் கொஞ்சம் காற்று ஊதி, வழவழப்புத் திரவம் சில சொட்டு விட்டுத் தேய்த்து, காற்று வெளியேறும் ஃபில்டர் மேல் கூடவே வரும் ஸ்டிக்கரை ஒட்டினோம். நின்றுவிட்டது. உங்கள் அப்பாவுக்கு இது தேவைப்படாது, வேறு யாராவது படித்தால் உதவட்டும் என்று எழுதினேன்.

பதில் (11 வருடமாக இலியோஸ்டமியோடு இருப்பவர்)

31, 27 என்று அளந்து எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, தங்கச்சி.

மாற்றும் நேரத்தை நகர்த்துங்கள். காலையில் எழுந்ததும், வாயில் எதையும் போடும் முன்பே மாற்றினால் குடல் அடங்கி இருக்கும். காலை தவறினால் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. எதெது வேண்டுமோ அவ்வளவையும் கையெட்டும் தூரத்தில் வரிசையாக எடுத்து வைத்து, தட்டையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும். வெட்டிய தட்டு ஒன்று, பை, துணி, குப்பைக் கவர், மாற்றுச் சட்டை எல்லாம் சேர்த்து ஒரு சிறு பையாகக் கட்டி அவர் கட்டில் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். வெயில் படும் இடத்தில், நிறுத்தி வைத்த காருக்குள் எல்லாம் தட்டுகளை வைக்காதீர்கள், சூட்டில் பசை கெட்டுவிடும்.

தட்டு நன்றாகத் தாங்க ஆரம்பித்ததும் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாரத்துக்கு இரண்டு முறை என்று கிழமை குறித்து, ஒழுகாமல் இருக்கும்போதே மாற்றுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இன்று நாம் தோலில் ஒட்டிக்கொள்கிற பையை யோசித்துக் கொடுத்தவர் எலிசே சோரன்சென் என்ற டென்மார்க் நர்ஸ். 1954-இல். அவருடைய தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைக்கும் ஆபரேஷன் ஆகி, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா யோசித்ததுதான் இந்தப் பை. வீட்டில் ஒருவருக்காக இன்னொருவர் உட்கார்ந்து யோசிப்பதில் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். எழுதிய மறுநாள் ராத்திரி ஒரு தடவை ஒழுகியது. மடிப்பில் துண்டை மிகச் சின்னதாக வைத்திருந்தேன். அதற்கப்புறம் இல்லை. இரண்டு தட்டை மூன்றாம் நாள் ஈரமில்லாமல், ஒழுகாமலே கழற்றினோம். இரண்டாவது தட்டில் 3 மணிப் பக்கம் நகக்கண் அளவுக்கு மட்டும் கரைந்திருந்தது. சிவப்பு நிறையக் குறைந்துவிட்டது, பவுடரை நேற்றோடு நிறுத்தினேன். 2 மணி அலாரத்துக்கு அப்பா எனக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறார்.

அண்ணா சொன்ன தோரா கதையை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் துணிச்சுருளைத் தானே பிடித்துக்கொண்டார். இன்று கண்ணாடியை எதிரே நிறுத்தி, பிளாஸ்டிக் தாளில் உருவத்தை அவரே வரைந்தார். என்னுடையதைவிட நேராக இருந்தது, கத்தரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளைக்குச் செக்கப். கழற்றிய தட்டுகளின் படம் எல்லாம் போனில் வரிசையாக இருக்கிறது. அந்த மடிப்புக்குக் கன்வெக்ஸ் தேவையா என்று கேட்கப் போகிறோம்.